கல்வி அதிகாரிக்கு ஓட்டுப் போட முடியுமா?

எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் மழைக்காலத்தில் ஒரு வகுப்பறையின் மேற்கூரை பூச்சு பெயர்ந்து விழுந்தது. நல்லவேளை, பிள்ளைகள் சாப்பாட்டு வரிசையில் நின்றிருந்தார்கள். மறுநாள் பெற்றோர் ஏழெட்டுப் பேர் பஸ் ஏறி மதுரைக்குப் போனோம். கல்வித் துறை அலுவலகம் ஒன்றில் மனுவை வாங்கிப் படித்தவர், "ஆசிரியர் சம்பந்தமா இருந்தா நாங்க பார்ப்போம். கட்டடம்னா நீங்க பி.டி.ஓ. ஆபீசுக்குத்தான் போகணும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பி.டி.ஓ. என்றால் ஊராட்சி ஒன்றியத்தைப் பார்க்கும் வட்டார வளர்ச்சி அலுவலர். அவர் சொன்னதில் பிழை ஏதும் இல்லை. எங்களுக்குத்தான் அது தெரியாமல் போயிற்று. வெளியே வேப்பமரத்தடியில் நிற்கும்போது எங்களோடு வந்த ஒரு தங்கச்சி கேட்டாள்: "ஏண்ணே, இவுகளுக்கு நாம ஓட்டா போட்டோம், உரிமையா கேக்குறதுக்கு?"

அன்றிலிருந்து அந்தக் கேள்வி எனக்குள்ளே கிடக்கிறது. கல்வி அதிகாரி என்பவர் யார், அவரை யார் நியமிக்கிறார்கள், அவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும், அவருக்கும் அரசியலுக்கும் என்ன உறவு என்றெல்லாம் தேடிப் படித்தேன். பள்ளியில் பிள்ளை படிக்கும் எவருக்கும் பயன்படும் என்பதால், தெரிந்துகொண்டதை அடிப்படையிலிருந்து எழுதுகிறேன்.

இரண்டு நாற்காலிகள்

முதலில் ஒரு சின்ன வேறுபாடு. கல்வி அமைச்சர் தேர்தலில் வென்று வருகிறவர். அவருடைய காலம் ஆட்சியின் காலம். கல்வி இயக்குநர், முதன்மைக் கல்வி அலுவலர், மாவட்டக் கல்வி அலுவலர், வட்டாரக் கல்வி அலுவலர் ஆகியோர் தேர்வு எழுதியோ பதவி உயர்வு பெற்றோ வருகிறவர்கள். ஆட்சி மாறினாலும் அவர்கள் இருப்பார்கள். என்ன செய்ய வேண்டும் என்பதை அமைச்சர் பக்கம் முடிவு செய்கிறது. எப்படிச் செய்வது என்பது அதிகாரியின் கையில். நம் ஊரில் இந்த இரண்டு நாற்காலிகளும் தனித்தனி. உலகம் முழுவதும் அப்படித்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது சரியில்லை.

சென்னை நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் உள்ள பள்ளிக் கல்வித் துறை வளாகத்துக்கு 2022 டிசம்பரில் பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம் என்று பெயர் சூட்டினார்கள். ஆனால் வேலை உத்தரவு வாங்கப் போகும் எந்த ஆசிரியரும் "டி.பி.ஐ. போறேன்" என்றுதான் இன்னமும் சொல்வார். டைரக்டர் ஆஃப் பப்ளிக் இன்ஸ்ட்ரக்ஷன், அதாவது பொதுக் கல்வி இயக்குநர் என்பதன் சுருக்கமான அந்த மூன்று எழுத்தும் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து மிச்சம். 1854-இல் வந்த சார்லஸ் வுட் கல்வி அறிக்கை, ஒவ்வொரு மாகாணத்துக்கும் கல்விக்கென்று ஒரு துறையும் அதற்கு ஒரு தலைவரும் வேண்டும் என்றது. அப்படி 1855-இல் சென்னை மாகாணத்தின் முதல் பொதுக் கல்வி இயக்குநராக அலெக்சாண்டர் அர்பத்நாட் நியமிக்கப்பட்டார். நியமனம் மேலிருந்து வந்தது. கீழே இருந்த யாரையும் யாரும் கேட்கவில்லை. பிறகு ஆட்சி மாறியது, கொடி மாறியது. அந்த நியமன முறை மட்டும் அப்படியே தொடர்ந்தது.

அமெரிக்காவிலும் கிட்டத்தட்ட இதே பெயரில் ஒரு பதவி உண்டு. பொதுக் கல்விக் கண்காணிப்பாளர் என்று அதைச் சொல்லலாம். அங்கே ஒரு பன்னிரண்டு மாநிலங்களில் இந்தப் பதவிக்கு மக்கள் நேரடியாக ஓட்டுப் போடுகிறார்கள். கலிபோர்னியா, அரிசோனா, ஜார்ஜியா, வாஷிங்டன், விஸ்கான்சின் எல்லாம் அந்தப் பட்டியலில் வரும்.

ஓட்டு வாங்கிய கல்வி அதிகாரி

விஸ்கான்சினைச் சேர்ந்த டோனி எவர்ஸின் கதையைப் பார்த்தால் இது நன்றாக விளங்கும். 1951-இல் பிளைமவுத் என்ற சிற்றூரில் பிறந்தவர். பாராபூ என்ற ஊரில் அறிவியல் ஆசிரியராகத் தொடங்கினார். டோமா என்ற ஊரில் தலைமையாசிரியர் ஆனார். பிறகு ஓக்ஃபீல்ட், வெரோனா ஆகிய பள்ளி மாவட்டங்களுக்குக் கண்காணிப்பாளர். அதுவரை நம் ஊர் ஆசிரியர் ஒருவர் படிப்படியாக மாவட்டக் கல்வி அலுவலர் ஆவது போன்ற பாதைதான்.

அதற்கு மேல் போகத்தான் ஓட்டு தேவைப்பட்டது. மாநிலக் கண்காணிப்பாளர் பதவிக்கு 1993-இல் நின்றார், தோற்றார். 2001-இல் மறுபடி நின்றார், மறுபடி தோற்றார். ஆனால் அந்தத் தேர்தலில் வென்றவர் எவர்ஸையே தன் துணைக் கண்காணிப்பாளராக வைத்துக்கொண்டார். எட்டு ஆண்டுகள் அந்த வேலை. 2009-இல் மூன்றாவது முறை நின்றபோது வென்றார். 2013-இலும் 2017-இலும் மீண்டும் வெற்றி. 2017-இல் ஏறத்தாழ 70 சதவீத ஓட்டு. விஸ்கான்சினில் இந்தத் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. ஏப்ரல் மாதத்தில் நடக்கும். நான்கு ஆண்டுக்கு ஒரு முறை.

கட்சிச் சின்னம் இல்லை என்பதால் அரசியல் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. 2011-இல் அம்மாநில ஆளுநராக இருந்த ஸ்காட் வாக்கர், ஆசிரியர்கள் உள்ளிட்ட அரசு ஊழியர்களின் கூட்டுப் பேர உரிமையை, அதாவது சங்கமாகச் சேர்ந்து சம்பளம் பேசும் உரிமையை, பெருமளவு பறிக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தார். கண்காணிப்பாளராக இருந்த எவர்ஸ் அதை வெளிப்படையாக எதிர்த்தார். நம் ஊரில் ஒரு கல்வி இயக்குநர் முதல்வரின் சட்டத்தைப் பகிரங்கமாக எதிர்த்துப் பேசுவதைக் கற்பனை செய்து பாருங்கள். மறுநாள் அவர் எந்த நாற்காலியில் இருப்பார்? எவர்ஸால் முடிந்ததற்குக் காரணம் அவருடைய நாற்காலியை ஆளுநர் கொடுக்கவில்லை என்பதுதான். (அங்கே ஆளுநர் என்பது மக்கள் ஓட்டில் வரும் பதவி, நம் முதல்வர் போல. நம் ராஜ்பவன் ஆளுநரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

2018-இல் எவர்ஸ் அந்த வாக்கரையே எதிர்த்து ஆளுநர் தேர்தலில் நின்றார். ஏறத்தாழ 29,000 ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். 2022-இல் இரண்டாம் முறையும் வென்றார். ஆளுநரான பிறகும் பள்ளிக்கூட வாத்தியார் புத்தி அவரை விட்டுப் போகவில்லை. 2023-இல் வரவுசெலவு மசோதாவில் பள்ளிகள் ஒரு மாணவருக்கு ஆண்டுதோறும் 325 டாலர் கூடுதலாகத் திரட்டிக்கொள்ளலாம் என்ற அனுமதி 2023-24, 2024-25 ஆகிய இரண்டு கல்வியாண்டுகளுக்கு மட்டும் இருந்தது. விஸ்கான்சின் ஆளுநருக்கு நிதி மசோதாக்களில் சொற்களையும் இலக்கங்களையும் அடிக்கும் அதிகாரம் உண்டு. எவர்ஸ் சில இலக்கங்களையும் ஒரு சிறு கோட்டையும் அடித்தார். அனுமதி 2425-ஆம் ஆண்டு வரை என்று ஆகிவிட்டது. நானூறு ஆண்டுகள்! வழக்குப் போட்டார்கள். 2025 ஏப்ரலில் அம்மாநில உச்ச நீதிமன்றம் 4-க்கு 3 என்ற கணக்கில் அவர் செய்தது செல்லும் என்றது. அந்தப் பணம் வீட்டு வரியிலிருந்தும் வருவது என்பதால் அங்கே இதற்கு எதிர்ப்பும் பலமாக இருக்கிறது. அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

ஓட்டு முறையில் எனக்குத் தயக்கமும் உண்டு. சின்ன ஓட்டு எண்ணிக்கையில் முடியும் தேர்தலில் சங்கங்களும் பணம் உள்ளவர்களும் எளிதாகக் கை வைக்கலாம். அடுத்த தேர்தலை நினைத்துக்கொண்டே பாடத்திட்டத்தைத் தொடும் அதிகாரியை நான் விரும்பவில்லை.

ஓட்டு இல்லாமல் சாதித்தவர்

ஓட்டு வாங்காமலே நம் பள்ளிகளைப் புரட்டிப்போட்ட ஓர் அதிகாரி இருந்தார். நெ. து. சுந்தரவடிவேலு. 1912-இல் நெய்யாடுபாக்கத்தில் பிறந்தவர், சுயமரியாதைக் கொள்கைக்காரர். 1954 ஏப்ரலில் காமராசர் முதல்வரானார். அதே 1954-இல் நெ. து. சு. பொதுக் கல்வி இயக்குநர் ஆனார்.

அதற்கு முந்தைய ஆண்டு நடந்ததையும் நினைவில் வைக்க வேண்டும். 1953-இல் ராஜாஜி அரசு, தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும் மீதி நேரம் வீட்டுத் தொழிலிலும் இருக்கட்டும் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. குலக்கல்வி என்று ஊரெல்லாம் எதிர்த்தார்கள். 1954-இல் காமராசர் அதைக் கைவிட்டார். ஓராண்டு இடைவெளியில் ஒரே துறை ஒரு கொள்கையை நடத்தியும் ஆக வேண்டியிருந்தது, அதையே எடுத்தும் ஆக வேண்டியிருந்தது. நியமன அதிகாரியின் நிலைமை இதுதான்.

ஆனால் மேலே உள்ளவர் நல்லதை நினைத்தால் அதே அதிகாரியின் கை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கும் அந்தக் காலமே சாட்சி. 1956-இல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. முதலில் ஊர் மக்களின் நன்கொடையில் நடந்தது, பிறகு அரசுப் பணமும் சேர்ந்தது. பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் என்று ஊர் ஊராக நடத்தி, ஊராரே நிலமும் கட்டடமும் பெஞ்சும் கரும்பலகையும் கொடுக்க வைத்தார்கள். முதல்வர் மேடையில் இருப்பார். கணக்கும் பட்டியலும் களப்பணியும் இயக்குநருடைய துறையின் வேலை. நெ. து. சு.வுக்கு 1961-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 1969 முதல் 1975 வரை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தார். சாப்பிட்டுவிட்டு வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகளின் பெற்றோரில் பலருக்கு அவர் பெயர் தெரிந்திருக்காது. காமராசர் பெயர் மட்டும் தெரியும். அதில் அநியாயம் ஒன்றும் இல்லை, ஏனென்றால் முடிவெடுத்த பொறுப்பு காமராசருடையது. ஆனாலும் அந்த இன்னொரு பெயரையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

இதே வரிசையில் மதுரைக்கும் ஒரு இடம் கிடைத்தது. 2022 செப்டம்பர் 15 அன்று முதல்வரின் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது நெல்பேட்டை ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில்தான். முதல் கட்டத்தில் 1,545 அரசுப் பள்ளிகள், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். அரசியல் முடிவு மேடையில் அறிவிக்கப்பட்டது. மறுநாள் காலையில் உப்புமா சூடாக வந்ததா என்று பார்த்தவர்கள் தலைமையாசிரியர்களும் அலுவலர்களும்.

மதுரையில் உங்கள் பள்ளி யாருடையது?

இனி வேப்பமரத்தடிக் கேள்விக்கு வருகிறேன். இதை விளக்குவதுதான் இந்தக் கட்டுரையின் முக்கிய வேலை.

மதுரை மாவட்டத்துக் கல்வி ஏணி இப்படி. கீழே தலைமையாசிரியர். தொடக்க, நடுநிலைப் பள்ளிகளுக்கு மேலே வட்டாரக் கல்வி அலுவலர், அதாவது பி.இ.ஓ. (பழைய ஆட்கள் இன்னும் ஏ.இ.ஓ. என்பார்கள்.) மாவட்டத்தில் 13 ஊராட்சி ஒன்றியங்கள் இருக்கின்றன: கொட்டாம்பட்டி, மேலூர், அலங்காநல்லூர், வாடிப்பட்டி, மதுரை கிழக்கு, மதுரை மேற்கு, திருப்பரங்குன்றம், திருமங்கலம், கள்ளிக்குடி, டி. கல்லுப்பட்டி, சேடபட்டி, செல்லம்பட்டி, உசிலம்பட்டி. அதற்கு மேலே மாவட்டக் கல்வி அலுவலர், டி.இ.ஓ. 2022-இல் செய்த சீரமைப்புக்குப் பின் தொடக்கக் கல்விக்கு ஒருவர், இடைநிலைக் கல்விக்கு ஒருவர், தனியார் பள்ளிகளுக்கு ஒருவர் என்று பிரித்தார்கள். மெட்ரிக் பள்ளிக் கட்டணப் புகாரை அரசுப் பள்ளியைப் பார்க்கும் டி.இ.ஓ.விடம் கொடுத்தால் அது சுற்றித்தான் வரும். மாவட்டம் முழுமைக்கும் முதன்மைக் கல்வி அலுவலர், சி.இ.ஓ. அவருக்கு மேல் சென்னை.

பி.இ.ஓ. பதவிக்கு ஆசிரியர் தேர்வு வாரியமும், டி.இ.ஓ. பதவிக்கு டி.என்.பி.எஸ்.சி.யும் நேரடித் தேர்வு நடத்துவது உண்டு. பதவி உயர்விலும் வருவார்கள். ஓட்டு எங்கேயும் இல்லை.

ஏணி தெரிந்தால் மட்டும் போதாது, பள்ளிக்கூட போர்டைப் படிக்க வேண்டும். சுற்றுவட்டாரத்தில் இது ரொம்ப முக்கியம். போர்டில் "ஊராட்சி ஒன்றிய" என்று இருந்தால், ஆசிரியர்கள் கல்வித் துறைக்காரர்கள்; கட்டடமும் சுற்றுச்சுவரும் கழிப்பறையும் ஒன்றியத்தின் பொறுப்பு. ஒரு காலத்தில் ஆசிரியர்களும் ஒன்றியத்தின் ஆட்களாகத்தான் இருந்தார்கள். எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1981-இல் அவர்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள். பெயரும் கட்டடமும் ஒன்றியத்திடமே தங்கிவிட்டன. எங்கள் மனு திரும்பி வந்ததற்குப் பின்னால் இருந்த வரலாறு இது.

"மாநகராட்சி" என்று இருந்தால் மதுரை மாநகராட்சி. வெள்ளிவீதியார், பொன்முடியார், காக்கைபாடினியார் என்று சங்கப் புலவர் பெண்களின் பெயர்களைப் பள்ளிகளுக்கு வைத்திருக்கிற ஊர் இது. அந்தப் பெயர்ப் பலகைகளைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

"கள்ளர்" என்று போர்டில் இருந்தால் கதை வேறு. உசிலம்பட்டி, செல்லம்பட்டி, சேடபட்டி பக்கம் இந்தப் பள்ளிகளை நிறையப் பார்க்கலாம். தேனி, திண்டுக்கல் மாவட்டங்களிலும் உண்டு. குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் ஒரு சமூகத்தையே போலீஸ் கண்காணிப்பில் வைத்த காலத்தில், கள்ளர் சீரமைப்பு என்ற பெயரில் அரசு தொடங்கிய பள்ளிகளின் தொடர்ச்சி இவை. இவற்றுக்குப் பிற்படுத்தப்பட்டோர் நலத் துறையின் கீழ் மதுரையில் தனி இணை இயக்குநர். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்கு அந்தத் துறை தனி. 2023 மார்ச் பட்ஜெட்டில் இவை எல்லாவற்றையும் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் கொண்டுவருவதாக அறிவித்தபோது, எங்கள் பக்கம் எதிர்ப்புக் கிளம்பியது. தன் சமூகம் பட்ட பாட்டுக்கு ஈடாகக் கிடைத்த பள்ளி, பெயர் இழந்துவிடுமோ என்ற பயம் அது. நிர்வாகக் காரணம் மட்டும் சொல்லி அந்தப் பயத்தைத் தள்ளிவிட முடியாது.

மதுரை கிழக்குப் பக்கம் கொடிக்குளத்தில் ஒரு தாய், இறந்துபோன மகளின் நினைவாக, அங்குள்ள ஒன்றிய நடுநிலைப் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாக உயர்த்துவதற்காகத் தன் ஒரு ஏக்கர் 52 சென்ட் நிலத்தைக் கொடுத்தது பலருக்கும் நினைவிருக்கும். 2024 ஜனவரியில் நடந்தது. பத்திரம் கைமாறியது சி.இ.ஓ. அலுவலகத்தில். கோடிக்கணக்கில் மதிப்புள்ள நிலத்தை ஒருவர் ஒரே நாளில் கொடுத்துவிடலாம். ஆனால் நடுநிலையை உயர்நிலையாக்கும் ஆணை சென்னையிலிருந்துதான் வர முடியும்.

ஆசிரியர் அரசியலுக்கு வரலாமா?

அமெரிக்காவின் எவர்ஸ் போல நம் அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர் தேர்தலில் நிற்க ஆசைப்பட்டால், வேலையை விட்டுவிட்டுத்தான் நிற்க வேண்டும். தேர்தல் நாளன்று வாக்குச்சாவடியை நடத்துகிறவரே பெரும்பாலும் ஆசிரியர்தான். பாடத்தை விட்டு ஆசிரியரை வேறு வேலைக்கு அனுப்பக் கூடாது என்று தடுக்கும் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம்கூட, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர்ப் பணி, தேர்தல் பணி மூன்றுக்கும் விலக்குக் கொடுக்கிறது.

முன்பு ஒரு வழி இருந்தது. சட்ட மேலவையில் பன்னிரண்டில் ஒரு பங்கு இடம் ஆசிரியர் தொகுதி. ஆசிரியர்களே ஓட்டுப் போட்டு உறுப்பினரை அனுப்புவார்கள். 1986 நவம்பர் 1 அன்று தமிழகத்தில் மேலவை ஒழிந்தது. 2010-இல் அதை மீட்க எடுத்த முயற்சி அடுத்த ஆண்டு ஆட்சி மாறியதும் நின்றுபோனது. கர்நாடகத்தில் மேலவை இன்னும் இருக்கிறது. உடற்கல்வி ஆசிரியராக இருந்த பசவராஜ் ஹொரட்டி அங்கே ஆசிரியர் தொகுதியிலிருந்து 1980 முதல் தொடர்ந்து வென்று மேலவைத் தலைவராகவும் ஆனார்.

ஓட்டு தொடும் இடங்கள்

தங்கச்சியின் கேள்விக்கு முழுப் பதில் "இல்லை" என்பது அன்று. இரண்டு இடத்தில் ஓட்டு கல்வியைத் தொடுகிறது.

மதுரை மாநகராட்சியின் 100 வார்டு கவுன்சிலர்களிலிருந்து ஒரு கல்விக் குழு அமைகிறது, அதற்கு ஒரு தலைவர் உண்டு. மாநகராட்சிப் பள்ளிகளைப் பொறுத்தவரை நீங்கள் ஓட்டுப் போட்ட ஆளிடம் நேராகக் கேட்க முடிகிற இடம் இது. வார்டு தேர்தலில் சாக்கடை, குடிநீர், தெருவிளக்கு என்று கேட்கிறோம். பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒருவர்கூடக் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்க வேண்டும்.

இரண்டாவது, பள்ளி மேலாண்மைக் குழு. கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு இதைக் கட்டாயமாக்குகிறது. உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2022-இல் அரசுப் பள்ளிகளெங்கும் இதை மறுபடி அமைத்தபோது 20 பேர் கொண்ட குழுவில் 15 பேர் பெற்றோர், தலைவரும் பெற்றோரே. 2024-இல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேர் ஆக்கினார்கள். பெற்றோர் கூடித் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கும் குழு என்பதால், கல்வியில் நமக்கு இருக்கும் மிக நெருக்கமான ஓட்டு இதுதான். தனி ஆள் மனு கொடுத்தால் அது ஒரு காகிதம். குழு கூடித் தீர்மானப் பதிவேட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டு, தலைமையாசிரியர் வழியாக அனுப்பினால் அதற்குத் தேதியும் எண்ணும் உண்டு. எந்த அலுவலகத்தில் எத்தனை நாள் கிடந்தது என்று பிறகு கேட்கலாம்.

எங்கள் கூரைக்கும் அப்படித்தான் செய்தோம். வேப்பமரத்தடியில் கேள்வி கேட்ட அந்தத் தங்கச்சியையே அடுத்த முறை குழுத் தலைவியாகத் தேர்ந்தெடுத்தோம். தீர்மானத்தை இரண்டு நகல் எடுத்தாள். ஒன்று பி.இ.ஓ.வுக்கு, ஒன்று பி.டி.ஓ.வுக்கு. ஒன்றிய இன்ஜினீயர் வந்து அளவெடுத்தார். கோடை விடுமுறையில் கம்பி கட்டிப் பூசினார்கள். அவள் இப்போது பதிவேட்டில் அடுத்த பக்கத்தைத் திறந்து, பெண் பிள்ளைகள் கழிப்பறைக்குத் தண்ணீர்க் குழாய் என்று எழுதியிருக்கிறாள்.